ஜெராக்ஸ் எடுக்காத பக்கம்

விசா இல்லை என்ற செய்தி கூரியர் பையில் வந்தது. உள்ளே பாஸ்போர்ட், அதோடு ஒரு தாள். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். குளிர் நாட்டில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில், புருஷனோடு தனியாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். அப்படியானால் நான் வருகிறேன் என்றேன். குளிரைப் பற்றி ஏதோ சொன்னார். அப்புறம், "வாங்க அத்தை" என்று அழைப்புக் கடிதம் அனுப்பிவைத்தார்.

"இன்னாமே, இல்லன்னுட்டானா?" என்று என் வீட்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் செக்கிங் வேலை. எங்கள் வீட்டில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டக்கூடிய ஒரே ஆள் அந்தக் குளிர் நாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

எந்தக் காகிதம் வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. முதலில் ஜெராக்ஸ். பிறகு ஒரிஜினல் பீரோவுக்குள், பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்விடும். ரேஷன் கார்டை மின்சார ரயிலில் தொலைத்த நாளிலிருந்து, "ஒரிஜினலத் தூக்கிக்கினு சுத்தாதே" என்பது என் வீட்டுக்காரரின் உத்தரவு. அதனால் அன்று சாயங்காலமே மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எங்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவரும் அந்தக் கடைக்காரர்தான். அவரே தாளை மெஷினில் வைத்து எடுத்து, ஒரிஜினலை என் கையில் கொடுத்துவிட்டு, ஜெராக்ஸில் பேனாவால் ஓர் இடத்தைத் தட்டினார்.

"நீங்க திரும்பி வருவீங்கன்னு அவனுக்கு நம்பிக்க இல்லியாம். இதெல்லாம் சகஜம்மா. அடுத்த வாட்டி ஸ்ட்ராங்கா போட்லாம். ஊட்டுப் பத்திரம், கம்பெனி லெட்டரு, மாப்ளகிட்ட புச்சா ஒரு லெட்டரு."

திரும்பி வராமல் அங்கே போய் நான் என்ன செய்யப் போகிறேன்? பனியில் வடாம் காயவைக்கவா? ஆத்திரமாக வந்தது. ஆனால் வெளியே மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், "இன்னும் வரலை" என்று சொன்னேன். விசா கிடைக்காததில் என்ன வெட்கம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது ஏதோ திருடிப் பிடிபட்டவள் மாதிரி இருந்தது.

வீட்டுப் பத்திரத்தை நகல் எடுத்தேன். வருமானச் சான்றுக்காக இரண்டு நாள் லீவு போட்டுத் தாலுகா ஆபீசில் நின்றேன். மாப்பிள்ளையின் கடிதம் மட்டும் வரவில்லை. ஒரு வாரம் பிரிண்டர் கெட்டுப்போனது. மறுவாரம் அவருக்கு ஆபீசில் வேலை அதிகம். "எதுக்கு அத்தை கஷ்டப்படறீங்க? இந்தக் குளிரு உங்களுக்கு ஆவாது" என்பார். குரலில் தேன் வழியும். என்னிடம் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதையே நான் பெரிதாக நினைத்திருந்தேன்.

மகளின் பேச்சுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. முன்பெல்லாம் அவள் வாயை மூடவைக்க முடியாது. இப்போது போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருந்தது. அறை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு எதிரொலி. வீடியோவில் அவள் முகம் வராது, கூரைதான் தெரியும். "சாப்ட்டியாடி?" என்றால், "உம்". "கை கால் வீங்கிக்கீதா?" என்றால், "இல்லம்மா". விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து தினமும், "விசா வந்துச்சாம்மா?" என்று கேட்டவள், இல்லை என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மசக்கைச் சோர்வு என்றார் வீட்டுக்காரர். ஏழு மாதத்தில் என்ன மசக்கை? மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனால் வள்ளூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் துணியில் படிந்திருக்கும். அதை உதறியபடியே பயந்துகொண்டிருந்தேன். எதற்கென்று எனக்கே தெரியாத பயம்.

மகளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியது. கம்பெனியில் லீவுக் கடிதம் கேட்டு எச்.ஆர். மேடத்திடம் போனேன். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவர். விசா மறுத்த தாளின் ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு, "ஒரிஜினலைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா" என்றார். என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. ஆனாலும் மறுநாள் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து எடுத்துப் போனேன்.

வாங்கியவர் தாளைத் திருப்பினார்.

"அக்கா, பின்னாடி பார்த்தீங்களா?"

பின்னாலும் அச்சடித்திருந்தது. நாளெல்லாம் ரப்பர் வளையங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பிசிறு பார்க்கிற கை இது. ஒரு தாளைத் திருப்பவில்லை. மேடம் மெதுவாகத் தமிழில் சொன்னார். என்னை அழைத்தவர், விசா ஆபீசில் நான் கைரேகை வைத்த மறுநாளே, எனக்கு அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெறுவதாகத் தானாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். இனி நான் வந்து தங்க அவர் வீட்டில் இடம் இல்லையாம்.

எனக்குக் காதுக்குள் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் வீட்டில் இடம் இல்லாவிட்டால் போகட்டும். நான் பார்த்துவிடக் கூடாத ஏதோ ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது. அதற்குள் என் பெண் இருக்கிறாள்.

மேடம் தண்ணீர் கொடுத்தார். "உங்க பொண்ணே உங்களைக் கூப்பிடலாம்க்கா. அவங்க கையெழுத்துப் போட்ட லெட்டர் போதும். அவங்ககிட்ட தனியாப் பேசுங்க" என்றார்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும், கம்பெனி பஸ் நிற்கிற மரத்தடிக்குப் போய் மகளின் நம்பருக்கு அடித்தேன். அங்கே அப்போது விடிந்து எட்டு மணி இருக்கும். மாப்பிள்ளைதான் எடுத்தார்.

"அவ தூங்கறா அத்தை. இன்னா, இந்நேரத்துல?"

"சும்மாதான் மாப்ள. லெட்டர் எப்ப அனுப்பறீங்கன்னு கேக்கலாம்னு."

"அனுப்பறேன்" என்றார். "மொத வாட்டி இல்லன்னு வந்துச்சே ஒரு பேப்பரு, அத முழுசாப் படிச்சீங்களா அத்தை?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். "எனுக்கு இன்னா இங்கிலீஷ் தெரியும் மாப்ள" என்றேன்.

"அதான்" என்றார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

அதற்குப் பின்னால் என் மகளின் குரல் கேட்டது. "யாரு, அம்மாவா? அம்மா—" என்றாள். கதவு சாத்துகிற சத்தம்.

"டிவி ஓடுது அத்தை" என்றார் மாப்பிள்ளை.

நான் பெற்ற குரல். நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால், அந்தக் கதவுக்குப் பின்னால் அனுபவிக்கப் போகிறவள் அவள்தான்.

"சரி மாப்ள" என்றேன். "சவுண்டு கம்மியா வெச்சிக்கோங்க. அவ தூங்கட்டும்."