முதலில் பேசும் மரியாதை

பல் டாக்டர் ஒரே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு கௌரவமாகக் குடும்பம் நடத்தி வந்தார். ‘வலிக்காது’ என்பதுதான் அந்தப் பொய். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, தூங்கப்போகிற குழந்தையிடம் பேசுகிற குரலில் அதைச் சொல்வார். நம்பி வாயைத் திறந்தவர்களுக்கு அப்புறம் மறுத்துப் பேச வழியில்லை.

இதே மனிதர் ஞாயிறு மதியம், கையில் இல்லாத சீட்டை இருப்பதாக நடித்து ஜெயிக்கிற போக்கர் ஆட உட்கார்ந்தால் ஒரு பொய்கூடக் கரைசேராது.

காரணம், மரியாதை. ஆடுவது அவரும் மனைவியின் அண்ணனும். சீட்டுப் போடுவது தையல் கடை வைத்திருக்கும் மனைவி. காசுக்குப் பதில் சட்டைப் பித்தான்கள்.

“உங்களுக்கு முன்னாடி நான் பேசறதாவது! நீங்க சொல்லுங்க மாப்ளே” என்று லாரி டிரைவரான மச்சான் பித்தான் வைத்து முதலில் பேசும் வாய்ப்பை எப்போதும் அவருக்கே தந்துவிடுவார். போக்கரில் இதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது. முதலில் பேசுகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார். அடுத்தவர், அவர் எங்கே இடித்துக்கொள்கிறார் என்று பார்த்து ஒதுங்கி வருகிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம் மச்சானின் சொத்தைக் கடைவாய்ப்பல். மலைப்பாதையில் பிரேக் போன லாரியை விசிலடித்தபடி இறக்கியவர், டாக்டரின் நாற்காலியைக் கண்டால் வெளிறிவிடுவார். டாக்டர் ஜெயித்தால் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். மச்சான் ஜெயித்தால் டாக்டர் அந்தப் பல்லைப் பற்றி மூச்சுவிடக் கூடாது.

“கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருக்கு, இதுல ஆட்டம் ஒண்ணு” என்று அண்ணனை அதட்டியபடி தங்கை சீட்டை விரித்தாள். மேசையில் இருவருக்கும் பொதுவாக மூன்று இஸ்பேடு. கையில் இன்னும் இரண்டு இஸ்பேடு இருந்தால் ஐந்தும் ஒரே இனம், ஆட்டம் முடிந்தது. டாக்டரிடம் ஒன்றுகூட இல்லை. இருந்தும் பித்தான்களை மொத்தமாக நடுவில் தள்ளி, “எல்லாத்தையும் வைக்கறேன், மச்சான்” என்றார் இதமாக.

மச்சான் சிரித்தார். “இது வலிக்காதுங்கற கொரலாச்சே! காட்டுங்க சீட்ட.”

டாக்டர் தோற்றார். ஆனால் பல்லுக்குப் பந்தயமெல்லாம் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை மச்சான் தானாகவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் வந்து விழுந்தார். டாக்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றி, வாயே திறக்காமல் ஊசியை எடுத்தார்.

“ஏதாச்சும் பேசுங்க மாப்ளே, பயமா இருக்கு.”

“பேசக்கூடாதுன்னு பந்தயமாச்சே.”

“பந்தயம் கிடக்குது! வலிக்குமா, அதச் சொல்லுங்க.”

இங்கேயும் முதலில் பேசவேண்டியவர் அவர்தான். டாக்டர் அதே தாலாட்டுக் குரலில், “வலிக்கும் மச்சான். உயிரே போயிடும்” என்றார்.

“பொய்! அதே கொரல்!” என்று மச்சான் வாய் கொள்ளாமல் சிரித்தார். அவ்வளவு பெரிதாகத் திறந்த வாயை டாக்டர் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. ஊசி உள்ளே போனது.

வலித்ததா என்று தங்கை கேட்டபோது பல் போன மச்சானுக்கு வாய் நிறையப் பஞ்சு. மாப்பிள்ளையை முறைக்க மட்டும்தான் முடிந்தது.

அடுத்த ஞாயிறு மச்சான் முந்திக்கொண்டார். “மரியாதையெல்லாம் போதும். இன்னிக்கு நான்தான் மொதல்ல பேசுவேன்.”

“தாராளமா” என்றார் டாக்டர், அவர் எங்கே இடித்துக்கொள்கிறார் என்று பார்க்க வசதியாகச் சாய்ந்துகொண்டு.