ஓட்டுப் போடத் தைத்த சட்டை

சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கும் ஹனீபாவிடம் ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப் போனால், அரசமைப்புச் சட்டத்தில் நாலு பக்கம் கேட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும். சட்டம் படிக்கும் மாணவன் ஒருவன் சிங்கப்பூர் அரசமைப்பை முழுசாக நகலெடுத்து பைண்டு போடச் சொன்னவன், வாங்கிக்கொள்ள வரவேயில்லை. வீணாகப் போகிறதே என்று மனிதர் படிக்கத் தொடங்கினார். அன்றைக்குப் பிடித்தது சனி, அவருக்கல்ல, வாடிக்கையாளர்களுக்கு.

“தமிழ் ஆட்சிமொழின்னு எழுதியே வச்சிருக்கான் பாருங்க” என்று ஆரம்பிப்பார். குழுத்தொகுதிக்கு வந்ததும் குரல் ஏறும். ஒரு தொகுதிக்குப் பல பேர் அணியாக நிற்க வேண்டும், அதில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும். “நம்ம ஆளு பார்லிமெண்ட்ல உட்கார சட்டமே வழி செஞ்சிருக்கு. ஆனா எங்க தஞ்சோங் பகார்ல எதிர்த்து நிக்க ஒரு அணி வரலையே, அதனால ஓட்டெடுப்பே இல்ல! அஞ்சு தேர்தல் லா, அஞ்சு! அதிபருக்குப் போட்டிருக்கேன். அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு தடவைகூடப் போட்டதில்ல.”

2015இல் போட்டி வந்தது. நாற்பத்தைந்து வயதில் முதல் பொதுத் தேர்தல். ஹனீபாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் தெரிந்த தையல்காரரிடம், எந்தக் கட்சிக்கும் சேராத சாம்பல் நிறத்தில் ஒரு சட்டைக்கு அளவு கொடுத்தார். வாக்களிப்பு நாள் காலையில்தான் தருவேன் என்றுவிட்டார் அவர்.

“இருக்கிற சட்டையில போட்டா ஓட்டு செல்லாதா?” என்று கேட்டாள் மனைவி சாயிரா பானு.

“நீ போய் போட்டுட்டு வா. நான் மதியத்துக்குள்ள வந்துடுவேன்.”

போனால், பொத்தான் துளையே போட்டிருக்கவில்லை. அது முடிந்து கிளம்பினால், தேர்தல் விடுமுறைக்கு ஊரே ஜொகூரில் இருந்தது. திரும்பும் பாலத்தில் வண்டி நகரவில்லை. இரவு எட்டு மணிக்கு வாக்களிப்பு முடியும். எட்டு ஆனபோது ஹனீபா நடுப்பாலத்தில், பேருந்துக்குள், மடியில் சட்டைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். வளர்ந்த மனிதர் அழுவதைப் பார்க்கக் கூடாதென்று பக்கத்து இருக்கைப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் பன்னிரண்டு வயது முஸ்கான் காத்திருந்தாள். “அத்தா, எப்படி இருந்துச்சு?”

“கை நடுங்கிடுச்சும்மா” என்றார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மகள் அதையே பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதினாள். ‘என் அத்தாவின் முதல் ஓட்டு.’ பரிசும் வாங்கினாள். சாயிரா பானு அதற்குச் சட்டம் போட்டு, கடையில் நகல் இயந்திரத்துக்கு மேலே மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம் படித்தார்கள். ஹனீபா மட்டும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதை விட்டார்.

ஓட்டுப் போடுவது அங்கே கட்டாயம்; போடாதவர் பெயரை வாக்காளர் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். மறுபடி சேர்க்க விண்ணப்பிக்கலாம். ஏன் போடவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். எத்தனையோ தடவை இணையத்தில் அந்த விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து மூடினார். அரசமைப்பை மனப்பாடமாக வைத்திருப்பவன் சட்டை வாங்கப் போனேன் என்று எப்படி எழுதுவது? 2020 தேர்தலில், “ஓட்டு அட்டை போன்லயே வந்துடுச்சு, கடையிலிருந்து அப்படியே போயிட்டேன்” என்று சமாளித்தார். சே, என்ன பிழைப்பு இது என்று அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டார்.

2025, மே மாதம். முஸ்கானுக்கு முதல் ஓட்டு. அலமாரியில் கிடந்த சாம்பல் சட்டையை அவளே தேடி எடுத்து இஸ்திரி போட்டு நீட்டினாள்.

“இதைப் போட்டுக்கிட்டு வாங்க அத்தா. ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்.”

மின்தூக்கியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அடுக்குமாடி புளோக்கைத் தாண்டும்போது சொல்லலாம் என்று நினைத்தார். வரிசையில் நின்றபோதும் நாக்கு எழவில்லை. மேசையில் இருந்த சீனப் பெண் அடையாள அட்டையை இரண்டு முறை இயந்திரத்தில் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். ஹனீபாவுக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் மரம் மாதிரி நின்றார். அங்கிளுக்கு ஆங்கிலம் தெரியாது போல என்று அந்தப் பெண் நல்லெண்ணத்தோடு கையை உயர்த்தி, தமிழ் பேசும் அதிகாரி ஒருவரை அழைத்தாள்.

கவிப்ரியா என்று பெயர் அட்டை மாட்டிய இளம்பெண் வந்தாள். பெரியவருக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று நிறுத்தி நிதானமாக, செய்தி வாசிப்பது போல் சொன்னாள்: “ஐயா, 2015ஆம் ஆண்டு பொதுத் தேர்தலில் நீங்கள் வாக்களிக்கவில்லை. ஆகவே, உங்கள் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுள்ளது.”

நல்ல தமிழ். ஒரு எழுத்துப் பிசகில்லை. பின்னால் நின்ற முஸ்கானுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“அத்தா?” என்றாள். அவர் திரும்பவில்லை. அவள் தனியாக உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள்.

வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார், பாலத்தையும் பொட்டலத்தையும் சேர்த்து. அவள் கேட்டுக்கொண்டே நடந்தாள். மறுநாள் கடைக்கு வந்து, சுவரிலிருந்த கட்டுரையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

பதிவேடு மறுபடி திறந்த அன்று, சாப்பாட்டு மேசையில் அவளே விண்ணப்பத்தைத் திறந்தாள்.

“காரணம் கேக்குது அத்தா. உடம்பு சரியில்லன்னு போடவா?”

“வேணாம். புதுச் சட்டை வாங்கப் போயிருந்தேன்னு போடு.”

முஸ்கான் அப்படியே தட்டச்சு செய்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது ஹனீபாவுக்கு.