மனப்பாடமான கண் பலகை

அப்பாவின் இடது கண் முன்னமே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணிலும் சீனி வருத்தத்தால் விழித்திரை வீங்கியது. மாதாமாதம் ஊசி போட்டும் வீக்கம் வற்றாததால், டொக்டர் ஸ்டீரொயிட் மருந்தை ஒரு மெல்லிய ஈர்க்குத் துண்டு போல கண்ணுக்குள் வைத்தார். மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்து, தானாகவே கரைந்துவிடுமாம். முதலாவது கரைந்ததும் வீக்கம் திரும்ப வர, இரண்டாவதையும் வைத்தார்கள். இரண்டுக்கும் அப்பாவைச் சம்மதிக்க வைத்தது நான்தான். போனில் வாசித்து, வீடியோ பார்த்து, வீட்டில் வகுப்பே எடுத்தேன்.

"கண்ணுக்க சாமானை வச்சுப்போட்டு, கரைஞ்சுதெண்டு ஆர் கண்ட?" என்று அம்மா கேட்டபோது சிரித்தேன். பிறகு எனக்கும் சந்தேகம் வந்தது.

அப்பா எங்கள் ஊரான கிரானில் வட்டை விதானை. எங்கள் வயல்வெளிக்கு எந்த நேரம் யாருக்குத் தண்ணி என்று பார்ப்பவர். பெரும்போக விதைப்புக்கு முந்திய கூட்டத்தில் கை தூக்கித்தான் விதானையைத் தெரிவுசெய்வார்கள். வரம்பில் தண்ணி பாய வெட்டிய வக்கடை திறந்து கிடக்கிறதா என்று தூரத்திலேயே காண முடியாத ஒருவரை யார் திரும்பத் தெரிவுசெய்வார்கள்? "வடிவாத் தெரியுது" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆனால் ஒரு பின்னேரம் பக்கத்து வயலில் குருவி விரட்ட நட்ட வைக்கோல் வெருளியைப் பார்த்து, "ஆர்ரா அது, வக்கடையை மூடு!" என்று சத்தம் போட்டார். வெருளி மூடவில்லை.

மருந்தில்தான் பிழை என்று முடிவு கட்டினேன். வைத்ததாகச் சொன்னது உண்மையில் உள்ளே இருக்கிறதா? காலாவதியானதா? அடுத்த கிளினிக்குக்கு ஒரு கொப்பி நிறையக் கேள்விகளோடு அப்பாவை மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சுவரில் E எழுத்து நாலு பக்கமும் திரும்பி நிற்கிற பலகை. அப்பாவுக்கு முன்னால் எட்டுப் பேர். ஒவ்வொருவராக, "மேல, வலம், கீழ..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாங்கில் உட்கார்ந்தபடி கண்ணை மூடி இருந்தார். களைப்பு என்று நினைத்தேன். அவர் முறை வந்ததும் கடைசி வரிசை வரைக்கும் மளமளவென்று ஒப்புவித்தார். நர்ஸ் மிஸ்ஸின் கம்பு எழுத்தைத் தொட முந்தியே விடை வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது வயலின் தண்ணி முறையைக் கொப்பியில்லாமல் சொல்லுகிற மனிதருக்கு இந்தப் பலகை எந்த மூலைக்கு!

"மிஸ், பலகையைத் தலைகீழாத் திருப்பிப்போட்டுக் கேளுங்களன்."

திருப்பினார். அப்பா அதே பாட்டைத் திரும்பவும் பாடினார்.

"ஐயா, இப்ப முழுக்கப் பிழை," என்றார் மிஸ், சிரிப்பை அடக்கிக்கொண்டு. உண்மையாகப் பார்க்கச் சொன்னபோது அப்பாவுக்குப் பெரிய எழுத்து இரண்டு வரிசைதான் தெரிந்தது.

ஸ்கான் பார்த்த டொக்டர் சொன்னார்: "வீக்கம் நல்லா வத்தியிரிக்கு. மருந்து வேலை செய்யுது. ஆனா அதே மருந்தால கண்ணின்ர வில்லை வெளிறி வருது. நல்லாத் தெரியுதெண்டு சொல்லியிருந்தா, ஒப்பரேசனை இப்போதைக்கு விட்டிருப்பன்." வில்லையை மாற்றினால் பார்வை தெளியும் என்றார். ஒப்பரேசனுக்குக் கிடைத்த திகதி விதானைக் கூட்டத்துக்குப் பிறகுதான்.

என் கொப்பி திறக்கப்படவேயில்லை.

பஸ் கிரானுக்குக் கிட்ட வந்ததும் அப்பா, "உனக்கு இப்ப சந்தோசமா?" என்றார்.

"கண் போறதை விட விதானை வேலை போறது பெரிசாப்பா?"

அப்பா குரலைத் தணித்தார். "கூட்டத்துக்கு நீயும் வா மனே. ஆராரு கை தூக்கிறானுகள் எண்டு காதுக்க சொல்லு."

"ஒப்பரேசனுக்கு வாறன் எண்டு சத்தியம் பண்ணுங்க, வாறன்."

"பண்ணுறன். ஆனா பலகையைத் திருப்பச் சொன்ன நீ, உள்ளபடி எண்ணிச் சொல்லுவாய் எண்டு நான் என்னெண்டு நம்புற?"

அவர் அதைப் பகிடியாகக் கேட்கவில்லை.