ஆன்ட்டியின் புத்தகத்தில் நான் எழுதிய மோகனம்

தொண்ணூறுகளின் கடைசியில், அமெரிக்காவில் சன்னிவேலில், என் ஒன்பது வயது மகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர் தைவான்காரர். ஆன்ட்டி என்றே கூப்பிடுவோம். அந்த வருடம்தான் மகள் என்னிடம் தமிழில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். எதைக் கேட்டாலும் இங்கிலீஷ். முழுசாக ஒரு தமிழ் வாக்கியம் அவள் வாயிலிருந்து வராதா என்று ஏங்கிக் கிடந்தேன்.

ஒரு வியாழக்கிழமை ஆன்ட்டி தன் பழைய புத்தகம் ஒன்றை அவளுக்கு இரவல் கொடுத்தார். தைவான் இசையமைப்பாளர்கள் குழந்தைகளுக்காக எழுதிய பாட்டுகள். ஓரத்திலும் சுரங்களுக்கு அடியிலும் யாரோ பென்சிலில் எழுதிய சீன எழுத்துகள்.

வீட்டில் அவள் முதல் பாட்டை வாசித்ததும் தோசைக் கரண்டியோடு ஓடிவந்தேன். "அடியே, இது நம்ம மோகனம்டி!"

"நோ மா, இட்ஸ் தைவானீஸ்."

யார் கேட்டது? மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் பால்பாயின்ட் பேனாவை எடுத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே ச ரி க ப த என்று தமிழில் எழுதினேன். தலைப்பில் 'மோகனம்' என்று கொட்டை எழுத்தில். பென்சில் எழுத்துகள் பல அடியில் மறைந்துபோயின. என் கையை ஒடித்து அடுப்பில் போட வேண்டும்.

சாயங்காலம் அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தித் தொலைத்திருக்கலாம். புத்தகத்தை மூடியவள் அந்த வாரம் முழுக்கப் பியானோவைத் தொடவில்லை. சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் என்ன ஏது என்று கேட்கவில்லை. திமிர்.

அடுத்த வியாழன் ஆன்ட்டி வீட்டில், நான் எப்போதும்போல பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் புத்தகத்தைத் திறந்தார். கட்டைவிரலால் என் எழுத்தை மெல்லத் தேய்த்துப் பார்த்தார். மை கொஞ்சமும் அசையவில்லை.

"அடியில இருக்கிறது எங்க அம்மா எழுதினது," என்றார் ஆங்கிலத்தில். "நான் சின்னப் பெண்ணா இருந்தப்போ."

நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. பாடம் வழக்கம்போல நடந்து முடிந்தது.

கார் ஃப்ரீவேயில் ஏறியது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள்.

"அம்மா, இனிமே நீ உள்ள வராத. கார்லயே இரு."

உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம் மூன்று வருடம் நான் காரில்தான் உட்கார்ந்திருந்தேன்.