ஜாம் பாட்டிலில் வந்த மருந்து

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழி மாதம். சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிற எங்கள் நகரில் நடந்தது இது. நான் வீட்டிலேயே தையல் வகுப்பு எடுக்கிறேன். இந்த வயசிலும் ஊசிக்கு நூல் கோர்க்கக் கண்ணாடி தேவைப்படாதவள் என்று எனக்கொரு பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு விழுந்த அடியைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் பூங்காவுக்கு என்று விட்ட ஒரு பொது இடம். பூங்கா வந்தபாடில்லை. வீடு கட்டியவர்கள் எல்லாம் மிச்ச செங்கல்லையும் ஜல்லியையும் அங்கே கொட்டினார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, கொசு மட்டும் சௌக்கியமாக இருந்தது. எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் டீச்சர்தான் முதலில் மண்வெட்டியோடு இறங்கினார். மாடியில் ஒரு பூந்தொட்டி வைக்கக்கூட வீட்டுக்காரர் விடவில்லையாம். அவர் தனியாக வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நாங்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தோம். எல்லா வீட்டுக் காய்கறிக் கழிவும் அங்கே மக்கியது. பக்கத்து கிராமத்திலிருந்து சாணம் வந்தது. டீச்சர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். கடை உரமோ பூச்சி மருந்தோ உள்ளே வரக் கூடாது.

கத்தரி, வெண்டை, பரங்கி எல்லாம் வந்தன. நடுவில் கம்பு நட்டு, கயிறு கட்டி, பெரிய அவரைப் பந்தல். தெருவுக்குள் நுழைகிற யாரும் அந்த ஊதாப் பூக்களைப் பார்க்காமல் போக முடியாது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அப்போதுதான் புது கார் வாங்கியிருந்தார், நிறுத்த இடமில்லை. நகர் கூட்டத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேச்சை எடுத்தார்.

“பொங்கலுக்கு எல்லா வூட்டு கொழம்புக்கும் இதுலேர்ந்து காய் வரட்டும் மச்சான், நான் வாயே தொறக்கல. வரலைன்னா ஷெட்டு போட்டுருவோம். அவுங்கவுங்க வண்டியாச்சும் வெயில்ல காயாம நிக்கும்.”

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான்தான் வீறாப்பாக எழுந்து, “வரும், எழுதி வச்சிக்கோங்க” என்றேன். டீச்சர் என்னைக் கலவரத்தோடு பார்த்தார்.

மார்கழிப் பனி இறங்கியதுமே அவரைக்குப் பேன் பிடித்தது. அசுவினி என்பார்களே, அதுதான். கொழுந்து, பூங்கொத்து, பிஞ்சு எல்லாவற்றிலும் கருகருவென்று அப்பிக்கொண்டது. இலையைத் தொட்டால் பிசுபிசு என்று கையில் ஒட்டியது. பூ உதிர ஆரம்பித்தது. அடுப்புச் சாம்பல் தூவினோம், வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தோம். இரண்டு நாள் அடங்கும், மறுபடி அப்பும்.

அப்போதுதான் இன்னொரு ஜந்து என் கண்ணில் பட்டது. கறுப்பு உடம்பு, மேலே மஞ்சள் திட்டு, முதுகெல்லாம் முள். பேன் ஜாஸ்தியாக இருக்கிற இடத்திலேயே அதுவும் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கவே அருவருப்பு. பேனைப் பெற்றுப் போடுவதே இந்தச் சனியன்தான் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. டீச்சர்கூட.

மார்கழி மாதம் அல்லவா, விடியும்போதே தெருப் பெண்கள் எல்லாரும் வாசலில் இருப்போம். கோலம் போட்டு, பூசணிப்பூ வைத்த கையோடு ஆளுக்கொரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போவோம். பேன் பொடிசு, அதைப் பொறுக்க முடியாது. முள்ளு ஜந்து நன்றாகத் தெரியும். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. “உங்க டப்பால எவ்ளோ? என் டப்பாவ பாருங்க!” என்று போட்டி வேறு. கோலப்பொடி ஒட்டிய விரல்களால் கிள்ளிக் கிள்ளிப் போட்டோம். ஒரு கொலைக்களத்தை இவ்வளவு குதூகலமாக நடத்தியிருக்கிறோம் என்று அப்போது தெரியாது.

பொறுக்கப் பொறுக்கப் பேன் பெருகியது. பந்தலில் பாதி கறுத்துவிட்டது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் எல்லாரும் கூடி, இந்த ஒரு தடவை மட்டும் மருந்து அடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். கடலூரில் நாத்தனார் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கப் போகும் நானே அங்கே ஒரு பெரிய கடையில் வாங்கி வருவதாக ஏற்பாடு. பூச்சியை நேரில் காட்டினால் சரியான மருந்தாகக் கொடுப்பார்கள் என்று, பேன் அப்பிய ஒரு கொழுந்தையும் முள்ளு ஜந்துகள் சிலவற்றையும் ஜாம் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, இரண்டு நாள் முன்பே அலமாரியில் வைத்திருந்தேன்.

கிளம்பும்போது டீச்சர் வாசலில் நின்றார். “எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்க, நான் என்ன சொல்றது” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். பி.முட்லூர் தாண்டி நல்ல வெயில் வந்தது. சும்மா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேன் அப்பிக் கறுப்பாக இருந்த கொழுந்து பச்சையாக இருந்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. பேன் எங்கே போனது?

பாட்டில் கண்ணாடியோடு கண்ணை வைத்துப் பார்த்தேன். காம்பின் இடுக்கில் மிச்சமிருந்த ஒரு பேனை முள்ளு ஜந்து கவ்வித் தூக்கியது. கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தது. பிறகு வெறும் தோலை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போனது.

“இன்னாக்கா, பாட்டில்ல இன்னா வச்சிக்கிட்டு இப்படி பாக்கற?” என்றாள் பக்கத்தில் இருந்த பெண். புதுச்சத்திரத்தில் ஏறியவள், என் வயசுதான் இருக்கும். சொன்னேன். அவளும் குனிந்து பார்த்தாள். “இதோ பாருக்கா, மூடில ஒண்ணு வெடிக்குது!”

மூடியின் உள்பக்கம் ஒரு ஜந்து அசையாமல் ஒட்டியிருந்தது. செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அதன் முதுகு பிளந்து, உள்ளேயிருந்து ஈரமாக, வெறும் மஞ்சளாக, ஒரு சின்ன வண்டு வெளியே வந்தது. ஒரு புள்ளி கிடையாது, கோடு கிடையாது. கூட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக அந்த மஞ்சளில் கறுப்பு எழும்பியது. யாரும் தீட்டவில்லை, உள்ளிருந்தே வந்தது. முதலில் நிழல்போல, பிறகு தெளிவாக, வளைந்து வளைந்து ஓடும் கோடு. சின்ன வயசில் உள்ளங்கையில் விட்டு விளையாடுவோமே, அந்தப் பொறிவண்டு. இத்தனை அழகான வண்டு அந்த முள்ளு ஜந்துவாகத்தான் பிள்ளைப் பருவத்தைக் கழிக்கிறது என்று எனக்குத் தெரியாது.

“ஆலப்பாக்கம் எறங்கறவங்க எறங்கியாச்சா?” என்று கண்டக்டர் எப்போது கேட்டாரோ. அந்தப் பெண் இறங்க வேண்டிய ஊர் எப்போதோ போய்விட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். “போனா போவுதுக்கா, இத எங்க போய் பாக்கறது!” என்று அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனாள்.

நானும் சிரித்தேன். அவள் இறங்கியதும் சோப்புத் தண்ணீர் டப்பாக்கள் ஞாபகம் வந்தன. டப்பா டப்பாவாக எங்கள் காவல்காரர்களையே பொறுக்கிக் கொன்றிருக்கிறோம். பேன் பெருகாமல் என்ன செய்யும்? பஸ்ஸிலேயே எனக்கு அழுகை வந்தது. குழந்தையைப் பார்த்துவிட்டு, மருந்துக் கடைப் பக்கமே போகாமல் திரும்பினேன்.

“மருந்து எங்க?” என்றார், தெருக்காரர்களோடு வாசலில் காத்திருந்த என் வீட்டுக்காரர்.

“இதான் மாமா” என்று பாட்டிலை நீட்டி, பஸ்ஸில் பார்த்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். டீச்சர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “இத்தன நாளா டப்பால போட்டது இதயா?” என்று கேட்டவர், அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார். “மிச்சம் எதுனா இருக்குமா?”

எல்லாரும் பந்தலுக்கு ஓடினோம். இலை இலையாகத் திருப்பிப் பார்த்தோம். எங்கள் கைக்குத் தப்பிய சில, இலைக்கு அடியில் இருந்தன. பாட்டிலில் பிறந்த வண்டையும் அதன் கூட்டாளிகளையும் கொழுந்தில் விட்டோம். அதற்குப் பிறகு செய்ய ஒரு வேலையும் இல்லை. அதுதான் கஷ்டம். காலையில் கோலம் போட்டுவிட்டு, வெறுங்கையோடு போய் நிற்போம். பேன் அப்படியே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஷெட்டுக்குத் தகரம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

போகிக்கு முந்தின நாள் காலை, பனி மூடியிருந்தது. டீச்சர்தான் முதலில் போனவர். தெருவே எழும்படி என்னைக் கூப்பிட்டார். ஓடினேன்.

பந்தல் முழுக்கப் பொறிவண்டுகள். கொழுந்துக்குக் கொழுந்து, கயிறு, கம்பு எங்கே பார்த்தாலும். எங்கிருந்து வந்தன என்று இன்றைக்கும் தெரியாது. நாங்கள் விட்டது ஒரு கைப்பிடிகூட இல்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் பனித்துளி. வெயில் எட்டிப் பார்த்ததும் துளிகள் காய்ந்தன, வண்டுகள் ஒவ்வொன்றாக நடக்க ஆரம்பித்தன. பந்தலே மூச்சு விடுவதுபோல் இருந்தது. அவற்றின் கீழே, சுத்தமான பச்சையில், புதுப் பூங்கொத்துகளும் பிஞ்சுகளும். தெருவே வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு வண்டு அவர் விரலில் ஏறியது. அவர் கையை அசைக்கவே இல்லை.

பொங்கலன்று வீட்டுக்கு ஒரு கையளவு அவரைதான் கிடைத்தது. ஆனால் எல்லா வீட்டுக் குழம்பிலும் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு கிண்ணம் குழம்பும் வந்தது. ஷெட்டைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை.

கண் நன்றாகத் தெரிகிறது என்று நான் இப்போது யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. நாங்கள் கூப்பிட்டு அந்த வண்டுகள் வரவில்லை. டப்பா டப்பாவாகக் கொன்ற பிறகும், எங்கள் கைக்குத் தப்பியவை எங்கள் பந்தலை விட்டுப் போகவும் இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் கைகள் தாமாகவே குவிந்துகொள்கின்றன.