நான் திருப்பிய சுவிட்ச்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்கள் கிடந்த வாரம் அது. கள்ளக்குறிச்சியில் என் மனைவியின் பள்ளிக்கும் விடுமுறை. அவர் கணக்கு ஆசிரியை. சிங்கப்பூர் உறவினர் கொடுத்த, டி.வி.யோடு இணைக்கும் சின்னக் கம்ப்யூட்டரில், பள்ளியின் பாட அட்டவணையைப் போட ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு ஆசிரியைகள் ஒரே வகுப்பில் வந்து நிற்பதற்கு முடிவு கட்டுவதாகத் தலைமையாசிரியையிடம் சொல்லியிருந்தார். பள்ளி திறக்கும்போது அட்டவணை தயாராக வேண்டும்; இல்லையென்றால் பழையபடி பென்சிலும் ரப்பரும்தான்.

கல்வராயன் மலைப்பக்கம் மின்னினாலே எங்கள் தெருவில் கரண்ட் போகும். கேசட்டில் பதிவதற்குள் போனால் அடித்ததெல்லாம் அழிந்துவிடும். கடை இன்வெர்ட்டர் வாங்க வசதியில்லை. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். பழைய பேட்டரியும் டிரான்ஸ்பார்மரும் தேடிப்பிடித்து நானே ஒன்று செய்தேன். பல்பு எரிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடுமுறையின் மூன்றாம் நாள் மதியம், அவர் மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் சுவிட்சை இன்வெர்ட்டர் பக்கம் திருப்பினேன். அசத்திவிடலாம் என்று ஆசை. மாறும்போது கரண்ட் நின்ற கண்சிமிட்டும் நேரமே போதுமானதாக இருந்தது. திரை வெறுமையானது.

"ஐயோ, நான்தான் எதையோ தப்பா அழுத்திட்டேன்."

"இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் என் குற்றம். மடமடவென்று அடித்தவர், பிறகு ஒற்றை விரலால், பயந்து பயந்து அடித்தார்.

மறுநாள் அவருடைய அண்ணன், தங்கைக்கு உதவட்டும் என்று, நைனார்பாளையத்திலிருந்து சைக்கிளில் டிராக்டர் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"கரும்பு ஏத்த வழியில்ல, டிராக்டர் சும்மாதான நிக்குது. அது சரி, இத்தினி ஒயரு கெடக்குதே, யாருக்கு மாப்ள ஆப்பரேசன்?"

மனைவி என் இன்வெர்ட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, இந்தச் சின்ன டி.வி. பன்னெண்டு வோல்ட்லயே ஓடும். கம்ப்யூட்டருக்கு ஒம்போது போதும். இன்னாத்துக்கு எரநூத்தி முப்பதுக்கு ஏத்தி மறுபடியும் எறக்கிக்கினு? எப்பவும் பேட்டரிலயே ஓடட்டும், சார்ஜர் பாட்டுக்கு சார்ஜ் ஏத்திக்கினு கெடக்கட்டும்."

பன்னிரண்டு வருடம் பாடம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை. வோல்ட்டைக் குறைக்க ஒரு சின்ன ரெகுலேட்டர் மட்டும் ரேடியோ கடையில் வாங்கினேன்.

அன்று மாலை தெருவே இருண்டது. எங்கள் திரை மட்டும் அசையாமல் ஒளிர்ந்தது. அண்ணன் விசிலடித்தார். ஜன்னலில் கூட்டம் கூடியது. "டீச்சர், அந்தக் கணக்க நிறுத்திட்டு படம் போடுங்க!"

"அட்டவணை முடியட்டும், போடறேன்!"

பள்ளி திறந்த அன்று ஒரு வகுப்பில்கூட இரண்டு பேர் மோதவில்லை. எல்லோரும் என்னையும் பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

போன மாதம்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்றிருந்தேன். "அப்ப நான் எதையும் தப்பா அழுத்தல?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தபடி போனை எடுத்தார்.

"அண்ணே, நான் தப்பா அழுத்தவே இல்லியாம்! எல்லாம் இவுரு வேல!"

அந்தச் சிரிப்பை முப்பது வருடங்களுக்கு மேலாக அவரிடமிருந்து பிடித்து வைத்திருந்திருக்கிறேன்.