வாசலுக்கு நேரே ஒரு கம்பம்

எங்கள் தெருவில் கடைசி வீடு என்னுடையது. மின்கம்பியும் அங்கேதான் முடிகிறது. டிரான்ஸ்பார்மர் தெருவின் அந்த முனையில். வழியில் இரண்டு தறிப்பட்டறைகள், வீட்டுக்கு வீடு ஏ.சி. எல்லோரும் எடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு வெறும் ரசம் கிடைப்பது போல.

ரசமே போதும் என்று இருந்திருப்பேன். ஆனால் என் கணவர் இருபது வருடம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டு, கல்தூசியை நெஞ்சில் வாங்கி வந்தவர். ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவரால் கண்மூடிப் படுக்க முடியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு வோல்டேஜ் இறங்கும். மெஷின் கீச்சிட்டு நின்றுபோகும். ஓடிப்போய் சிலிண்டரை மாட்டுவேன். பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம்.

மின்வாரியத்தில் மனு கொடுத்து, நடையாய் நடந்து, கடைசியில் பின்தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் பக்கத்துக்குத் தனியாகக் கம்பி இழுக்கச் சம்மதித்தார்கள். அதற்கு எங்கள் தெருவில் ஒரு கம்பம் நட வேண்டும். கம்பமும் வந்து இறங்கியது. வினையும் கூடவே வந்தது. வாசலுக்கு நேரே கம்பம் நின்றால் குடும்பத் தலைவனுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். கரண்ட் எல்லோருக்கும் வேண்டும், கம்பம் மட்டும் அடுத்த வீட்டு வாசலுக்கு. குழி தோண்ட வந்தவர்களை ஆளுக்கொரு வாசலில் நின்று திருப்பி அனுப்பினார்கள். இருபது நாள் கம்பம் தெருவோரம் கிடந்தது. ஆடு கட்ட உதவியது.

மறுபடி வந்தவர்களிடம் என் வாசலைக் காட்டினேன். கேட்டுக்கு நேரே, நட்டநடுவில். எதிர்வீட்டுப் பெரியவர் பதறிப்போய் வந்தார்.

"அம்மிணி, ஊட்டுக்காரருக்கு ஆகாதுங்க. படுத்திருக்கற மனுசன்."

"அவருக்கு ஆகாதது ஏழு மணி வோல்டேஜுங்க. கம்பத்த நடட்டும்."

அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றார் பெரியவர். கதவை அகலத் திறந்துவிட்டேன். கட்டிலில் இருந்தபடியே என் கணவர் கையை ஆட்டினார், நடச் சொல்லி. பேசி மூச்சை வீணாக்கவில்லை.

கம்பம் நின்றதும், வாசலையாவது வடக்கே மாற்றி வையுங்கள் என்று மூன்று பேர் வந்து சொன்னார்கள். நான் மாற்றவில்லை. வண்டியை வளைத்துத்தான் உள்ளே ஏற்ற வேண்டும், வளைத்தே ஏற்றுகிறேன். எதிர்வீட்டுப் பெரியவரும் தன் சர்வீஸ் ஒயரை அதே கம்பத்துக்கு மாற்றிக்கொண்டார்.

ஏழு மணிக்கு இப்போது அவர் வீட்டில் ஏ.சி. ஓடுகிறது. என் வீட்டில் ஒரு மனிதர் மூச்சு விடுகிறார்.